இடர்ப்பொழுதும் மருத்துவத் துணையும்

பொதியமலையில் தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடிப் புன்னைக்காயலுக்கு அருகே கடலொடு கலக்கும் தாமிரபரணி ஆறு, தென்பாண்டி நாட்டின் செல்வமாகும். பொருநை என்பது அதன் பழம்பெயர். ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளமே உடையதாயினும், தான் செல்லும் வழியெல்லாம் நெல்லும் வாழையும் விளைவித்து, மக்களுக்கு உணவும் நீரும் ஒருங்கே நல்கும் பெருமை அதற்கு உண்டு. பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம், ஏரல் முதலிய ஊர்கள் அதன் பாசனத்தால் வளம் பெற்றவை. ஆயினும், தாயென வளர்க்கும் ஆறும் சிலபொழுது சீற்றம் கொள்வதுண்டு.

2023-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாட்களில் அத்தகைய சீற்றத்தைத் திருநெல்வேலிச் சீமை கண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஓராண்டு முழுவதும் அப்பகுதியில் பெய்யும் மழையினும் அது மிகுதியாகும். ஆறும் குளங்களும் கரை புரண்டன. சாலைகள் அறுந்தன, மின்னோட்டம் நின்றது, தொலைபேசியும் வாய் மூடிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி, இருப்புப் பாதையின் கீழிருந்த மண்ணை வெள்ளம் அரித்தமையால், திருவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. அதில் இருந்தோர் ஏறத்தாழ 800 பேர். வெளியுலகத் தொடர்பின்றித் தவித்த அவர்களுக்கு வான்வழியே உணவு இடப்பட்டது. கருவுற்ற பெண்ணும் குழந்தையும் போன்றோரை விமானப்படையினர் ஹெலிகாப்டரில் ஏற்றிக் காத்தனர்.

வெள்ளம் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று பார்ப்பதில்லை. எல்லார் வீட்டினுள்ளும் ஒருபடித்தாகவே புகுகின்றது. ஆயினும், அதனால் விளையும் துன்பம் எல்லார்க்கும் ஒருபடித்தானதன்று. உடல்நலம் உடைய ஒருவர் இரண்டு நாள் மாடியில் பசித்திருந்து மூன்றாம் நாள் இறங்கி வந்துவிடலாம். அந்த இரண்டு நாளைக்குள் மருத்துவமனைக்குச் சென்றே தீரவேண்டியவர் அடுத்த வீட்டில் இருக்கலாம். படியிறங்க இயலாதவர், அபாய ஒலியைக் கேட்க இயலாதவர், தமக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்ல இயலாதவர் எனப் பலதிறத்தார் ஒவ்வொரு தெருவிலும் வாழ்கின்றனர். இவர்களைச் சிறப்பு மருத்துவத் தேவையுடையோர் என்று இக்காலத்தார் குறிப்பர். இடர் நேரும்பொழுது இவர்களைக் காக்கும் முறை யாது என்பதைக் கற்றோர் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

மருத்துவத்தைப் பற்றித் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ‘மருந்து’ என்னும் அந்த 95-ஆம் அதிகாரத்தின் முடிவில், மருத்துவம் நான்கு உறுப்புக்களை உடையது என்று அவர் கூறுகின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிலிருந்து அம்மருந்தை ஊட்டிப் பேணுவோன் என்பன அந்நான்கு. இந்நான்கனுள் ஒன்று குறையினும் மருத்துவம் நிரம்பாது. பரிமேலழகர் இவ்விடத்து உரை கூறுங்கால், ஒவ்வோர் உறுப்புக்கும் நந்நான்கு இயல்புகளை வகுத்துக் காட்டினார். தன் நோயின் நிலையை எடுத்துரைக்க வல்லனாதல் நோயாளிக்கு வேண்டும் இயல்புகளுள் ஒன்று. அன்பும் தூய்மையும் சொன்னதைச் சொன்னவாறு செய்யும் திறனும் அறிவும் அருகிருப்போனுக்கு வேண்டுவன.

இதனை ஆழ்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். நோயாளி தன் நிலையைத் தானே உரைக்க இயலாதவனாயின், முதல் உறுப்பில் ஒரு பகுதி குறைந்துவிடுகின்றது. அக்குறையை நிரப்ப வேண்டியவர் நான்காமவராகிய அருகிருப்போரே. வெள்ளத்தினால் மருத்துவரும் மருந்தும் எட்டாத தொலைவில் நிற்பாராயின், அப்பொழுதும் நோயாளிக்கு எஞ்சியிருக்கும் துணை அருகிருப்போர் மட்டுமே. ஆகவே, சிறப்புத் தேவையுடையோரைப் பொறுத்தவரை, மருத்துவத்தின் பெரும்பாரம் அந்த நான்காம் உறுப்பின் தோள்மேல் விழுகின்றது. அன்பு மட்டும் அதற்குப் போதாது. அறிவும் வேண்டும் என்று உரையாசிரியர் கூறியதன் பொருத்தத்தைப் பின்வரும் செய்திகள் காட்டும்.

சிறுநீரகம் செயலிழந்தவரின் நிலையை முதற்கண் நோக்குவோம். உடலில் சேரும் கழிவையும் மிகை நீரையும் இடைவிடாது பிரித்து வெளியேற்றுவது சிறுநீரகத்தின் தொழில். அது முற்றும் கெட்டவர்க்குக் குருதியைக் கருவியின் வாயிலாகத் தூய்மை செய்கின்றனர். இதனை டயாலிசிஸ் என வழங்குவர். வாரத்தில் இருமுறையோ மும்முறையோ, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இது நடைபெற வேண்டும். ஒருமுறை தவறினால் நீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறும். பொட்டாசியம் என்னும் உப்பு குருதியில் மிகுந்து, இதயத்தின் துடிப்பையே நிறுத்திவிடவும் கூடும்.

இத்தகையவர் வெள்ளத்தில் அகப்பட்டால், அண்டை வீட்டார் அன்பு மிகுதியால் இளநீரை வெட்டிக் கொடுப்பர். வாழைப்பழத்தை உரித்துக் கொடுப்பர். தாமிரபரணிக் கரையில் இவ்விரண்டிற்கும் பஞ்சமில்லை. ஆனால் இவ்விரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. பிறர்க்கு அமிழ்தமாகும் இளநீர் அவர்க்கு நஞ்சாகும். உப்பு மிகுந்த ஊறுகாயும் நீர்வேட்கையை வளர்த்துத் தீங்கு செய்யும். அளவாகக் குடித்து, உப்பும் பழமும் நீக்கி, எவ்வாறேனும் விரைந்து டயாலிசிஸ் நிலையத்தை அடைவதே அவர்க்கு உய்யும் வழி. மேலும், அவருடைய ஒரு கையில் குருதிக் குழாய்களை இணைத்து, டயாலிசிஸுக்கென ஒரு வாயில் அமைத்திருப்பர். அந்தக் கையில் ஊசி குத்துதலும், இரத்த அழுத்தம் பார்க்கப் பட்டை சுற்றுதலும் ஆகா. புதிதாக வரும் மருத்துவப் பணியாளர்க்கு இச்செய்தியை முந்திச் சொல்ல வேண்டியவர் அருகிருப்பவரே.

அடுத்து, நீரிழிவு நோயாளர். அவருள் சிலர், இளஞ்சிறார் உட்பட, நாள்தோறும் இன்சுலின் ஊசி கொண்டே உயிர் வாழ்பவர். உணவு குறைந்துவிட்டது என்று எண்ணி இன்சுலினை அடியோடு நிறுத்துதல் அவர்க்குப் பெருந்தீங்கு. அளவை எவ்வாறு குறைப்பது என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். மின்னோட்டம் நின்றால் குளிர்ப்பெட்டி பயன்படாது. அப்பொழுது நீர் ஊற்றிய மண்பானையின் குளிர்ச்சி கைகொடுக்கும். பெரிய பானையினுள் ஈரமணல் இட்டு, அதன் நடுவே சிறு கலம் ஒன்றைப் பதித்து, அக்கலத்தில் மருந்துக் குப்பியை நனையாமல் மூடி வைத்தால், வெயிலின் வெம்மை அதனைத் தாக்காது.

இனி, இன்சுலின் இட்டபின் உணவு கிடைக்காவிடில், குருதியில் சர்க்கரை அளவுக்கு மேல் தாழ்ந்துவிடும். வியர்த்தல், கை நடுங்குதல், பேச்சுத் தடுமாறுதல் ஆகியன அதன் அடையாளங்கள். குடித்து மயங்கியவர் என்று இத்தகையவரைப் பிறர் ஒதுக்கிச் சென்றுவிடுதலும் உண்டு. நினைவு தெளிவாக இருக்கும்பொழுதே சர்க்கரையையோ கருப்பட்டியையோ நீரில் கரைத்துக் கொடுத்தால் சில நிமிடங்களில் அவர் தெளிவார். திருநெல்வேலி அல்வாவும் இனிப்புத்தானே எனின், அதிலுள்ள நெய், சர்க்கரை குருதியிற் சேர்வதைத் தாமதிக்கச் செய்யும். ஆதலின் கரைத்த சர்க்கரையே சிறந்தது. நினைவிழந்தவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கி உயிர்க்கே ஊறு விளைக்கும்.

வலிப்பு நோயைப் பற்றி நம் நாட்டில் வழங்கும் தவறான எண்ணம் ஒன்றை ஈண்டுச் சுட்டுதல் தகும். ஒருவர்க்கு வலிப்பு வந்தவுடன் சூழ நிற்போர் இரும்புச் சாவியையோ அரிவாளையோ தேடி ஓடுவர். அதனை அவர் கையில் திணிப்பர். இரும்புக்கும் வலிப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மூளையில் மின்துடிப்புக்கள் நெறிதவறி எழுவதனால் வலிப்பு உண்டாகின்றது. பெரும்பாலும் சில நிமிடங்களில் அது தானே அடங்கும். இரும்பு பிடித்தமையால் அடங்கியது என்று கருதுவது, சேவல் கூவியதால் பொழுது விடிந்தது என்று கருதுவது போல்வதே. கூர்மையான இரும்பு, துடிக்கும் கையில் காயத்தையே உண்டாக்கும்.

அவ்வேளையில் செய்யத்தக்கவை எளியன. அருகிலுள்ள கல்லையும் கூரிய பொருள்களையும் விலக்குதல் வேண்டும். தலையின் கீழ் மடித்த துணியை வைத்தல் வேண்டும். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கச் செய்தால் எச்சில் வெளியேறி மூச்சு தடையின்றிச் செல்லும். பல்லிடையே கரண்டி முதலியவற்றை நுழைத்தலும், கைகால்களை அழுத்திப் பிடித்தலும் கூடா. ஐந்து நிமிடத்திற்கு மேல் வலிப்பு நீடித்தாலும், ஒன்று அடங்கித் தெளிவதற்குள் மற்றொன்று தொடர்ந்தாலும் காலந்தாழ்த்தாது மருத்துவ உதவியை அழைத்தல் வேண்டும். நாள்தோறும் உண்ணும் மாத்திரை திடீரென நின்றுபோதலே வலிப்பு மீள்வதற்குப் பெருங்காரணம். ஆதலால், வீட்டை விட்டு வெளியேறும்பொழுது நகையை எடுப்பதற்கு முன் மாத்திரையை எடுத்தல் அறிவுடைமை.

மூச்சுவிட இயலாது உயிர்வளிக் கருவியின் துணையால் வீட்டில் வாழ்வோரும் உளர். காற்றிலிருந்து உயிர்வளியைப் பிரித்துத் தரும் அக்கருவி மின்னோட்டத்தால் இயங்குவது. புயலும் வெள்ளமும் வந்தால் முதலில் நிற்பது மின்னோட்டமே. மாற்றாக உயிர்வளி அடைத்த உருளை ஒன்று வீட்டில் இருத்தல் வேண்டும். அது எத்துணை மணி நேரத்திற்குப் போதும் என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். இருள் நீக்க ஏற்றும் மெழுகுவத்தியை அதன் அருகே கொண்டு செல்லலாகாது. உயிர்வளி நெருப்பை மிகுவிக்கும். சிலர்க்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தியிருப்பர். அவர் மூச்சு விடுவது மூக்கால் அன்று, அக்குழாயாலேயாம். போர்வையால் அதனை மூடுதல் மூக்கையும் வாயையும் ஒருசேரப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

இதுகாறும் கூறியவை உடலினுள் நிகழும் குறைகள். நோயாளிக்கும் மருத்துவர்க்கும் இடையே செய்தி செல்லும் வழி அடைபடுதல் மற்றொரு வகைக் குறை. இதனை நன்குணர்தற்குப் பாளையங்கோட்டை தக்க இடமாகும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோர்க்கு ஒரு பள்ளியும் செவிப்புலன் அற்றோர்க்கு ஒரு பள்ளியும் அவ்வூரில் தோன்றின. ஆஸ்க்வித் அம்மையார் முன்னதையும், பிளாரன்சு சுவெயின்சன் அம்மையார் பின்னதையும் தொடங்கினர். கேளாதோர்க்குக் கல்வி இயலாது என்று உலகோர் கருதிய காலத்தில், கையாலும் முகக்குறிப்பாலும் பேசும் மொழியுடையோர் பலர் அவ்வூரில் வாழத் தொடங்கினர்.

செவிப்புலன் அற்றவர்க்குக் கையே நாவாகும். அவர் மருத்துவமனையில் இருக்கும்பொழுது இரு கைகளையும் கட்டி வைத்தலும், அவர் பேசப் பயன்படுத்தும் கையிலேயே மருந்துக் குழாயைப் பொருத்துதலும், பேசுவோர் வாயைப் பொத்துவது போன்ற செயல்களேயாம். அவர் முன் நின்று, முகத்தில் ஒளி விழுமாறு, தெளிவாக உதடசைத்துப் பேசுதல் வேண்டும். இயலாவிடில் எழுதிக் காட்டுதல் வேண்டும். இரவில் விளக்கணைந்த வீட்டில் அவரை நோக்கிக் கூவுதலால் பயனில்லை. அவர் முகத்தின்மேல் விளக்கை வீசாது, தம் முகத்தின்மேல் வீசிக் காட்டிப் பேசுவோரே அறிந்து உதவுவோர்.

பார்வையற்றவர்க்கோ குரலே முகமாகும். அவரைத் தொடுவதற்கு முன் தாம் இன்னார் என்பதையும் செய்யப்போவது இன்னது என்பதையும் உரைத்தல் வேண்டும். கையைப் பற்றி இழுத்தலினும், தம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளுமாறு செய்து முன்னே நடத்தல் நன்று. அவருடைய வெள்ளைக் கைத்தடியையும் உடன் கொண்டு செல்லுதல் இன்றியமையாதது. அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவர், புற உலகோடு உறவாடுதலில் இடர்ப்படும் குழந்தைகள், மறதி நோயுற்ற முதியோர் ஆகியோர் கூக்குரலையும் புதிய முகங்களையும் கண்டு வெருளுவர். அவர் உதைப்பதும் ஓடுவதும் பிடிவாதம் அன்று, அச்சத்தின் வெளிப்பாடே. தாயின் குரலும், பழகிய துணியும், தாழ்ந்த சொல்லும் அவரை ஆற்றும்.

முதுகெலும்பில் அடிபட்டு உடலின் கீழ்ப்பகுதி உணர்விழந்தோரின் நிலையும் அறியத்தக்கது. இவர்தம் வாழ்வுக்கு வழிகாட்டிய பெருமை தாமிரபரணியின் துணையாறாகிய சிற்றாற்றுப் பகுதியிலுள்ள ஆய்க்குடிக்கு உரியது. அவ்வூரினராகிய எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் பயிலும் நாளில், 1975-இல், கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்தெலும்பில் அடியுற்றார். அதனால் கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றது. படைத்துறை மருத்துவமனையில் அவர்க்குச் சிகிச்சை செய்து ஊக்கமூட்டியவர் மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் என்பவர். அவர் பெயரை நினைவுகூர்ந்து, 1981-இல், ‘அமர் சேவா சங்கம்’ என்னும் நிறுவனத்தை இராமகிருஷ்ணன் ஆய்க்குடியில் தோற்றுவித்தார். தசை நலிவு நோயுற்ற கணக்காய்வாளர் சங்கரராமன் பின்னர் அவரொடு இணைந்தார். தாமே சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்து, நடக்க இயலாத பிறரை அவ்விருவரும் வாழ்வித்தனர். 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது இராமகிருஷ்ணனுக்கு அறிவிக்கப்பட்டது.

மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்தவரை இருவர் தலையும் காலுமாகத் தூக்கி வண்டியில் இடுதல் ஊர்ப்புறங்களில் காணும் வழக்கம். பனையேறிகளும் கட்டடத் தொழிலாளரும் மிகுந்த இந்நாட்டில் இவ்வழக்கத்தை மாற்றுதல் வேண்டும். முறிந்த எலும்பு அசைந்து, உள்ளே செல்லும் நரம்புத் தண்டினை அறுத்துவிட்டால், அதுவரை அசைந்த கால்கள் பின்னர் அசையாமற் போதலும் கூடும். வெள்ளமோ நெருப்போ அணுகினாலன்றி, தலையும் கழுத்தும் திரும்பாதவாறு பிடித்துக்கொண்டு, பயிற்சி பெற்றோர் வரும்வரை அசைக்காதிருத்தலே முறை. பெயர்த்தே தீரவேண்டுமாயின் பலகையின்மேல் கிடத்திப் பலர் ஒருங்கே தூக்குதல் வேண்டும்.

முன்னரே உணர்விழந்து வாழ்வோரை முகாமுக்குக் கொண்டு செல்லுங்கால், சக்கர நாற்காலியையும் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். அதுவே அவர்க்குக் கால். வன்தரையில் ஒரே பக்கமாகப் படுத்திருப்பின் வலி உணராமலே தோல் அழுகிப் புண்ணாகும். ஆகவே ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தல் வேண்டும். மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவர்க்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால், இரத்த அழுத்தம் திடீரென ஏறும். கடுந்தலைவலியும் வியர்வையும் தோன்றும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, அடைப்பை நீக்கி, மருத்துவ உதவியை நாடுதல் வேண்டும். எவ்வாறு தூக்க வேண்டும் என்பதை அவரிடமே கேட்டல் நன்று. தம் உடலைப் பற்றி அவரைவிட நன்கறிந்தார் பிறர் இலர்.

அருகிருப்போர் ஆற்றலுக்கு எல்லை இல்லை என்பதனை உலக வரலாற்று நிகழ்ச்சி ஒன்று காட்டும். 1952-இல் டென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் நாள்தோறும் வந்து குவிந்தனர். மூச்சூட்டும் கருவிகளோ மிகச் சில. இப்சன் என்னும் மருத்துவர், நோயாளியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ஒரு பையைக் கையால் அமுக்கி மூச்சூட்டலாம் என்று காட்டினார். ஆனால், இரவும் பகலும் அப்பையை அமுக்குவோர் யார்? கல்லூரி மாணவர் முன்வந்தனர். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்துக்கொண்டு, நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து, திங்கட்கணக்கில் தம் கைகளால் மூச்சளித்தனர். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்று உலகெங்கும் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அந்நிகழ்ச்சியே வித்தாயிற்று. வள்ளுவர் வகுத்த நான்காம் உறுப்பாக அம்மாணவர்கள் நின்றனர் எனின் அது மிகையன்று.

இனி, அரசு செய்துள்ள ஏற்பாடுகளை அறிதல் வேண்டும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-இல் தொடங்கப்பெற்றது. அதன் மருத்துவமனை தென்மாவட்ட மக்களுக்குப் பெருந்துணையாக விளங்குகின்றது. 2008 முதல், 108 என்னும் எண்ணைச் சுழற்றியவுடன் கட்டணமின்றி ஆம்புலன்ஸ் வரும் ஏற்பாடு தமிழகத்தில் நடைபெறுகின்றது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தின்படி, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்துகள் வீடு தேடி வருகின்றன. படுத்த படுக்கையாக உள்ளோர்க்கு வீட்டிலேயே பேணுதலும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் அளிக்கப்பெறுகின்றன. இவ்வாறு வீடுதோறும் செல்லும் பணியாளர்க்கு, எந்த வீட்டில் எத்தகைய நோயாளி உள்ளார் என்பது நன்கு தெரியும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனினும் ஒருபடி மேற்செல்கின்றது. பேரிடர்க் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பிறரோடு ஒத்த பாதுகாப்பு உண்டு என்று அச்சட்டம் கூறுகின்றது. மாவட்டந்தோறும் அமைந்துள்ள பேரிடர் மேலாண்மை அமைப்பு, அவர்களைப் பற்றிய விவரங்களைப் பதிவு செய்து வைத்தலும், இடர் வரும் முன் அவர்க்கு உணர்த்துதலும் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. ஆகவே, அவர்களைக் காப்பது இரக்கத்தால் செய்யும் ஈகை மட்டுமன்று. சட்டம் பணிக்கும் கடமையுமாகும்.

சட்டம் ஏட்டில் இருத்தல் மட்டும் போதாது. காரையாறு அணைக்கு அப்பால் மலையிடையே அமைந்த காணி மக்களின் குடியிருப்புக்களும், வெள்ளத்தால் தீவாகிய ஏரலும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. வழி அறுந்தபின் எத்துணை விரைவான வண்டியும் வாசலை அடைய இயலாது. எனவே, மழைக்கு அறிகுறி தோன்றியவுடனே, வழி திறந்திருக்கும்பொழுதே, இத்தகையோரை மருத்துவமனைக்கு அணித்தாக உள்ள இடத்திற்குக் கொண்டு சேர்த்தல் வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணியும் டயாலிசிஸ் நோயாளியும் முதற்கண் புறப்பட வேண்டியவர்கள். டயாலிசிஸ் நாள் நாளை மறுநாள் எனினும், வெள்ளம் வருமுன் அதனை முற்படச் செய்துகொள்ள இயலுமா என்று மருத்துவரைக் கேட்டல் நன்று.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு குறிப்புத்தாள் இருத்தலும் இன்றியமையாதது. அமெரிக்க நாட்டில் குழந்தை மருத்துவர் கழகமும் அவசர மருத்துவர் கழகமும் இணைந்து, சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்கென 1999-இல் இத்தகைய படிவம் ஒன்றை வகுத்தன. அதனை நம் வீடுகளிலும் பின்பற்றுதல் எளிது. நோயாளியின் பெயரும் வயதும், நோயின் பெயர், உண்ணும் மருந்தும் அதன் அளவும், ஒவ்வாத மருந்து, உடலில் பொருத்தியுள்ள கருவி, பேசும் முறை, செய்யலாகாதன, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரும் உறவினரும் ஆகியோரின் தொலைபேசி எண் என்பனவற்றை ஒரே தாளில் தமிழில் தெளிவாக எழுதுதல் வேண்டும். மருந்தின் பெயரை மட்டும் சீட்டில் உள்ளவாறே பெயர்த்தெழுதலாம். அத்தாளை நனையாத உறையில் இட்டு, ஒரு வாரத்திற்குரிய மருந்தோடு, கதவருகே மாட்டி வைத்தல் வேண்டும். மருந்து மாறுந்தோறும் தாளையும் மாற்றுதல் வேண்டும். பழைய குறிப்பு, குறிப்பு இல்லாமையினும் தீது பயக்கும்.

இப்பணியில் மாணவர்க்கும் பங்குண்டு. எழுதப் படிக்க அறியாத முதியோர் வீட்டில் அத்தாளை எழுதித் தருபவர் பள்ளி மாணவரே ஆகலாம். தம் தெருவில் கேளாதவர், நடக்க இயலாதவர், நாள்தோறும் மருந்தால் வாழ்பவர் யார் யார் என்பதை அறிந்து வைத்தலும், அபாயச் செய்தி வந்தவுடன் அவ்வீட்டுக் கதவை முதலில் தட்டுதலும் இளையோர்க்கு இயல்வனவே. ஆயினும், ஒருவரது நோயை ஊரெங்கும் உரைத்துத் திரிதல் பண்பன்று. காக்க வேண்டியவர் அறிந்தால் போதும்.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணியின்மேல் உள்ள பழைய பாலம் 1843-இல் திறக்கப்பெற்றது. அதற்குமுன் மக்கள் ஓடத்திலேறியே ஆற்றைக் கடந்தனர். வெள்ளக்காலத்தில் இக்கரையினர் அக்கரை செல்ல இயலாது வருந்தினர். அத்துன்பத்தைக் கண்ட சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அப்பாலத்தைக் கட்டுவித்தார். வெள்ளம் வடிந்திருக்கும் நாளில் கட்டியதனாலன்றோ, அது வெள்ளம் பெருகிய நாளில் பயன்பட்டது? நோயுற்றோர்க்கும் மருத்துவர்க்கும் இடையே அருகிருப்போர் அமைக்கும் துணையும் அத்தகையதே. அமைதியான நாளில் அதனை ஆயத்தம் செய்து வைப்போரே இடர் வந்த நாளில் ஓருயிரைக் காக்கும் பேறு பெறுவர்.